வெட்டினால் எட்டையும் சேர்த்து வெட்டுங்கள்!

கச்சேரிப் பதிவுகளைக் கணினியில் செப்பனிடுவோருக்குச் சில வார்த்தைகள்

ஆலாபனை மேல் ஸ்தாயியிலிருந்து இறங்கி வருகிறது. பாடகி பஞ்சமத்தில் வந்து நின்று, மெல்ல மூச்சை இழுக்கிறார். தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்தக் கணத்தில், மூன்றாவது வரிசையில் ஒருவர் இருமுகிறார். அரங்கில் இருந்தவர்கள் அதை அப்போதே மறந்துவிடுவார்கள். பதிவைக் கேட்பவரால் மறக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் நெருங்கும்போது, அவர் காது இருமலுக்காகக் காத்திருக்கும்.

அதை எடுத்துவிட முடியுமா? முடியும். புரோ டூல்ஸ், ரீப்பர், ஆர்டர், ஆடாசிட்டி என்று எந்த மென்பொருளில் திறந்தாலும் முடியும். எங்கே வெட்டுவது, எதையெல்லாம் சேர்த்து வெட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அது தெரியாமல் கை வைத்ததால் கெட்டுப்போன நல்ல பதிவுகளைக் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு புள்ளிக்கு நான்கரை விநாடி

ஒரு சாதாரணக் கச்சேரிக்கு எட்டு டிராக் என்று வைத்துக்கொள்வோம். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் ஒவ்வொன்று, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று, அரங்கின் ஒலிக்கு இரண்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிந்தால், இரண்டரை மணி நேரக் கச்சேரி ஏறத்தாழ 10 ஜிபி இடம் பிடிக்கும்.

இந்த இரண்டரை மணி நேரம் 9,000 விநாடிகள். முழுக் கச்சேரியையும் 1,920 புள்ளி அகலமுள்ள திரையில் ஒரே பார்வையில் விரித்தால், ஒரு புள்ளிக்குள் நான்கரை விநாடிக்கு மேல் அடங்கிவிடும். இருமல் அரை விநாடிதான். அந்தக் காட்சியில் அது கண்ணுக்கே தெரியாது. தேடிக்கொண்டு முன்னும் பின்னும் ஸ்க்ரோல் செய்தால் பொழுதுதான் போகும்.

இதற்கு ஒரே வழி, முதல் தடவை கேட்கும்போதே மார்க்கர் போட்டுவிடுவது. ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே ரீப்பரில் எம் பொத்தானை அழுத்தினால் போதும். புரோ டூல்ஸில் எண் பலகையின் என்டர். ஆடாசிட்டியில் கன்ட்ரோலும் எம்மும். ‘மார்க்கர் 1, மார்க்கர் 2’ என்று விட்டுவிடாமல் கச்சேரியின் மொழியிலேயே பெயர் எழுதுங்கள்: ஆலாபனை, பல்லவி, அனுபல்லவி, சரணம், நிரவல், கல்பனாஸ்வரம், தனி. ‘இருமல்’, ‘மைக் தட்டல்’, ‘சுருதி சேர்த்தல்’ என்று குறைகளுக்கும் தனியாகக் குறியுங்கள். டிராக்குகளுக்கும் அப்படித்தான். ‘ஆடியோ 07’ என்பது மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போது யாருக்கும் எதையும் சொல்லாது.

பிளேடு கற்றுக்கொடுத்த பாடம்

கிதார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957-இல் எட்டு டிராக் ரெக்கார்டரைச் செய்து கொடுத்தது. பிறகு இரண்டு அங்குல அகல டேப்பில் 24 டிராக் வந்தது. விநாடிக்கு 30 அங்குல வேகத்தில் ஓடும் அந்த டேப்பில், ஒரு விநாடி என்பது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய இரண்டரை அடி. பிளேடை வைத்துக் குறுக்கே வெட்டினால் 24 டிராக்கும் ஒருசேர வெட்டுப்படும். ஒன்றை மட்டும் வெட்டி நகர்த்த வழியில்லை.

1991-இல் நான்கு டிராக்குடன் வந்த புரோ டூல்ஸும் அதைத் தொடர்ந்து வந்த மென்பொருள்களும் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டன. எந்த டிராக்கையும் தனியாக வெட்டலாம், நகர்த்தலாம். வாத்தியங்களை ஒவ்வொன்றாகத் தனி அறையில் பதியும் சினிமாப் பாட்டுக்கு இது பெரிய வரம். கச்சேரிக்கு இதுவே ஆபத்து.

ஏனென்றால் கச்சேரியில் எந்த மைக்கும் ஒரே ஒரு வாத்தியத்தைக் கேட்பதில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. மிருதங்கத்துக்கும் பாடகியின் மைக்குக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் இருந்தால், ஒவ்வொரு அடியும் நான்கு மில்லி விநாடி தாமதமாகக் குரல் டிராக்கிலும் பதிவாகிறது. காதுக்கு அது ஒரே அடிதான். இப்போது, ‘மிருதங்கம் கொஞ்சம் பிந்துகிறது’ என்று அந்த இரண்டு டிராக்கை மட்டும் 40 மில்லி விநாடி முன்னால் இழுத்தால் என்ன ஆகும்? குரல் டிராக்கில் இருக்கும் பழைய அடி அங்கேயே நிற்கும். ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். வலந்தலையையும் தொப்பியையும் பிரித்து நகர்த்தினாலோ வாத்தியத்தின் நாதமே மெலிந்துவிடும்.

அதனால் முதல் வேலையாக எட்டு டிராக்கையும் ஒரே குரூப்பில் கட்டுங்கள். வெட்டிய இடம் தானாக மூடிக்கொள்ளும் ரிப்பிள் வசதியைப் பயன்படுத்தினால், அது எல்லா டிராக்குக்கும் பொருந்தும்படி வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். ஒரு டிராக் மட்டும் நகர்ந்துவிட்டால், அந்த இடத்திலிருந்து மங்களம் வரை அது விலகியே ஓடும்.

தாளம் போட்டுக்கொண்டே வெட்டுங்கள்

மென்பொருளின் கட்டக் கோடுகள் மெட்ரோனோம் வைத்துப் பதிந்த பாட்டுக்கு உதவும். கச்சேரியின் காலப்பிரமாணம் மனிதர்களின் கையில் இருக்கிறது. அது நூலளவு ஏறும், இறங்கும். எனவே கட்டத்தை அணைத்துவிட்டுக் கையில் தாளம் போடுங்கள்.

ஒரு சங்கதி பிசகி, பாடகி அதையே மறுபடி பாடியிருக்கிறார் என்று வையுங்கள். பிசகியதை எடுக்க வேண்டுமானால் முழு ஆவர்த்தனமாகத்தான் எடுக்க வேண்டும். எடுப்பு சமத்திலிருந்து அரை இடம் தள்ளி இருந்தால், வெட்டின் இரண்டு முனையும் அதே அரை இடம் தள்ளியே விழ வேண்டும். மிருதங்க அடி விழுவதற்குச் சற்று முன்னால் வெட்டினால், வரும் அடி ஒட்டின் தடத்தை மறைத்துவிடும். தனி ஆவர்த்தனத்திலும் கோர்வையிலும் கை வைக்க வேண்டாம். ஒரு ஆவர்த்தனம் குறைந்தாலும் வித்வான் போட்ட கணக்கு உடைந்துவிடும். எதை எடுத்தாலும், பாடியவரிடமும் வாசித்தவர்களிடமும் கேட்டுவிட்டு எடுங்கள்.

எல்லா டிராக்கையும் ஒரே இடத்தில் வெட்டினாலும், ஒட்டும் கிராஸ்ஃபேட் டிராக்குக்கு டிராக் மாறலாம். மிருதங்கத்துக்கு 10 மில்லி விநாடியே போதும். தம்புராவுக்குப் போதாது. அதன் நான்கு தந்திகளும் ஒரு வரிசையில் மீட்டப்படுகின்றன. வரிசை குலைந்தால், காரணம் சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ இடறும். அங்கே அரை விநாடி, தேவைப்பட்டால் இன்னும் கூடுதலாகக் கரைத்து ஒட்டுங்கள்.

முதலில் சொன்ன இருமலுக்கு வருவோம். ஆலாபனையில் தாளம் இல்லை, ஆனால் பாடகி விட்ட இடைவெளியின் நீளத்துக்குப் பொருள் உண்டு. அதைச் சுருக்கக் கூடாது. அந்த அரை விநாடியை ஊமையாக்கினாலும் அரங்கமே சட்டென்று மறைந்து, குழி விழுந்ததுபோல் இருக்கும். வெறும் தம்புராவும் அரங்கின் மூச்சும் மட்டும் கேட்கும் இன்னொரு இடத்திலிருந்து, எட்டு டிராக்கிலும் அதே நீளத்தை எடுத்து அங்கே வைத்துக் கரைத்து ஒட்ட வேண்டும். இதற்காகவே, கச்சேரி தொடங்கும் முன் தம்புராவை மட்டும் 30 விநாடி பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மூலம் பத்திரம்

இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை மூலக் கோப்பைத் தொடுவதில்லை. ‘இங்கிருந்து இதுவரை ஒலிக்கவும்’ என்ற குறிப்பை மட்டுமே எழுதி வைக்கின்றன. தவறாக வெட்டினாலும் பழையபடி மீட்டுவிடலாம். ஆனால் செஷன் கோப்பை மட்டும் நகலெடுத்து ஒலிக் கோப்புகளை விட்டுவிட்டால், கையில் மிஞ்சுவது வெறும் குறிப்புதான்.

வேலை முடிந்ததும், வெட்டாத எட்டு மூலக் கோப்புகளையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து நீளும் வேவ் கோப்புகளாக, பெயரோடு இரண்டு வெவ்வேறு வட்டுகளில், இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துவிடுங்கள். மென்பொருள் மாறும், நிறுவனங்கள் மாறும். வேவ் கோப்பு திறக்கும். நம்மைவிட நல்ல காதும் நல்ல கருவியும் உள்ள ஒருவர் நாளை வரலாம். அவருக்கு அந்தக் கச்சேரி, இருமலோடு சேர்த்து, முழுசாகக் கிடைக்க வேண்டும்.