பந்தலடியில் படுத்திருக்கும் நாய்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையில் மத்தியான வெயில் மண்ணையும் கல்லையும் ஒன்றாகச் சுடும். அந்த நேரத்தில் வளவுக்குள் நாயைத் தேடினால் பெரும்பாலும் மல்லிகைப் பந்தலடியில் அகப்படும். இல்லாவிட்டால் வேலியில் படர்ந்த கொடியின் நிழலில் இருக்கும். முன்னங்கால்களால் சுடுமண்ணைத் தள்ளி, ஈரம் தட்டுப்படும் ஆழம்வரை பறித்து, அந்தக் குளிர்ச்சியில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கும். உப்புவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் நிலாவெளியிலும் மண் பெரும்பாலும் மணல். குழி பறிப்பது நாய்க்குப் பெரிய வேலையே இல்லை.

கொடி வளர்க்கிற நாங்கள் அண்ணாந்து பார்த்தே பழகியவர்கள். பூத்ததா, காய்த்ததா, பந்தல் பாரம் தாங்குமா என்று மேலேதான் கண் போகும். நாயின் தோட்டம் வேறு. தரைக்கு மேலே இரண்டு அடியும் தரைக்குக் கீழே ஒரு முழமும்தான் அதற்குத் தோட்டம். கொடிகளின் நஞ்சு அதிகம் வந்து சேர்வதும் அந்த எல்லைக்குள்தான்: மண்ணுக்குள் கிழங்காக, உதிர்ந்த விதையாக, விழுந்த பழமாக, வெட்டிப்போட்ட தண்டாக. நாய் வளர்க்கும் வீட்டில் ஒரு கொடி பாதுகாப்பானதா என்று அறிய, பந்தலின் காலடியைப் பார்க்க வேண்டும்.

ஏறுகிற வித்தை

மரம் தன் உணவில் பெரும்பங்கைச் செலவழித்துத் தடித்த அடிமரத்தைக் கட்டுகிறது. கொடிக்கு அந்தச் செலவு இல்லை. பக்கத்து மரத்தையோ கதியாலையோ சுவரையோ பற்றிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்விடுகிறது. அது எப்படிப் பற்றுகிறது என்பதை 1865இல் சாள்ஸ் டார்வின் ஒரு நீண்ட ஆய்வாக எழுதினார். தண்டால் சுற்றி ஏறுவன, இலையால் பற்றுவன, பற்றுக்கம்பி வீசுவன, கொக்கியால் மாட்டுவன, வேரால் ஒட்டுவன என்று அவர் வகைப்படுத்தினார். எங்கள் ஊர் வேலியில் இந்த ஐந்தையும் காணலாம். குண்டுமணிக்கொடி தண்டால் சுற்றி ஏறும். கார்த்திகைக்கொடியின் இலைநுனி சுருண்டு பிடித்துக்கொள்ளும். பாகலும் திராட்சையும் பற்றுக்கம்பி வீசும். காகிதப்பூ முள்ளை மாட்டி ஏறும். மணிபிளான்ட் கணுவிலிருந்து வேர்விட்டுச் சுவரோடு ஒட்டும்.

அடிமரம் இல்லாத உடல் மெல்லியது. கடிப்பதற்கு இலகுவானது. ஆகவே பல கொடிகள் தங்களைக் காத்துக்கொள்ள இரசாயனத்தையே நம்புகின்றன. வறட்சியைத் தாண்டவேண்டிய கொடி நிலத்துக்குக் கீழே கிழங்கு வைக்கிறது. அந்தச் சேமிப்பை எலியும் பன்றியும் தோண்டித் தின்னாதபடி அங்கேதான் அதிக நஞ்சையும் வைக்கிறது.

கோடையில் கண்ணுக்குத் தெரியாத கார்த்திகைக்கிழங்கு

எங்கள் கரையோரத்துப் பற்றைகளில் கார்த்திகைக்கொடி தானாகவே முளைக்கிறது. ஐப்பசியில் வாடைமழை தொடங்கியதும் மண்ணைப் பிளந்து வந்து, கார்த்திகையில் மஞ்சளும் சிவப்புமாகத் தீச்சுவாலை போலப் பூக்கும். தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள் இதுவே. இந்த மண்ணில் அந்தப் பூவோடு பலருக்கு நினைவுகளும் சேர்ந்திருக்கின்றன. அதை வேலியோரத்தில் விரும்பி விட்டுவைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தச் செடியின் எல்லாப் பாகத்திலும் கொல்சிசின் என்ற நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். கலப்பை வடிவில் கிளைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். உடலின் கலம் ஒன்று இரண்டாகப் பிரியும் முன், தன் மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகளைக் கட்டுகிறது. கொல்சிசின் அந்த இழை உருவாகாமல் தடுத்துவிடும். எனவே ஓயாமல் புதுக் கலங்களை உண்டாக்கும் இடங்கள் முதலில் அடிபடுகின்றன: குடலின் உட்சுவர், பிறகு எலும்பு மச்சை. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். நாட்கள் செல்ல இரத்த அணுக்கள் குறையும். மனிதருக்கு மூட்டுவாத மருந்தாக மிகச் சிறிய அளவில் தரப்படும் அதே பொருள்தான் இது. வற்றாளங்கிழங்கு என்று தவறாக எண்ணி மனிதர்களே இதைச் சமைத்து உண்டு ஆபத்துக்குள்ளான சம்பவங்கள் இலங்கையில் பதிவாகியிருக்கின்றன.

நாய் வளர்ப்பவர் குறிப்பாக மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. மழை ஓய்ந்த பின் இக்கொடியின் மேற்பகுதி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். கச்சான் வீசும்போது அங்கே ஒரு கொடி இருந்த தடயமே தெரியாது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். நாய் குளிர்ச்சி தேடிக் குழி பறிப்பதும் அதே மாதங்களில்தான். பூவைக் காணாத காலத்தில் நஞ்சின் நினைவும் எங்களுக்கு வராது. துறுதுறுப்பான குட்டிநாய்க்கோ மண்ணிலிருந்து வெளிப்பட்ட கிழங்கு ஒரு விளையாட்டுப் பொருள்.

குண்டுமணி

பொற்கொல்லர் தராசில் எடையாகவும், களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகவும் எங்களுக்குப் பழக்கமான விதை குண்டுமணி. இரண்டு குண்டுமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. காய் முற்றி வெடித்ததும் கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதைகள் வேலியடியில் சிதறிக் கிடக்கும்.

அதிலுள்ள ஏப்ரின் என்ற புரதம், ஆமணக்கு விதையின் நஞ்சுக்கு நெருங்கிய உறவு. கலத்துக்குள் புகுந்து, அங்கே புரதம் உண்டாகும் வேலையை நிறுத்திவிடும். விதையின் ஓடு மிகக் கடினம் என்பது ஒன்றே ஆறுதல். முழுதாக விழுங்கிய விதை பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்து நொறுக்கினாலோ, மாலை கோக்கத் துளையிட்டிருந்தாலோ அந்தக் காவல் போய்விடும். அறிகுறி உடனே தெரியாமல், பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வாந்தியாகவும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமாகவும் வரலாம். நாய் நேற்று நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்துத் தாமதிப்பது இதனால்தான் ஆபத்து.

திராட்சையும் பழப்புளியும்

முந்திரிகை என்று யாழ்ப்பாணத்தில் சொல்லும் திராட்சையை முற்றத்துப் பந்தலில் ஏற்றிப் பார்க்க ஆசைப்படுவோர் உண்டு. குழந்தைகள் தின்னும் பழம் நாய்க்கு என்ன செய்யும் என்று தோன்றும். திராட்சையும் அதன் வற்றலும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பும், இன்னொன்று சிறிதளவிலேயே வீழும். காரணம் பல ஆண்டுகள் புதிராக இருந்தது.

துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. வீட்டில் பிசைந்த விளையாட்டு மாவைத் தின்ற நாய்க்குத் திராட்சை நஞ்சைப் போன்றே சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை அமெரிக்காவின் விலங்கு நஞ்சுத் தகவல் மையத்து மருத்துவர்கள் கவனித்தார்கள். அந்த மாவில் டார்டாரிக் அமிலத்தின் உப்பு இருந்தது. திராட்சையில் நிறைய இருப்பதும் அதே அமிலம். அந்த அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அவர்கள் எழுதினார்கள். பழத்தின் இனத்துக்கும் பழுத்த நிலைக்கும் ஏற்ப அமிலத்தின் அளவு மாறுவதால், நாய்க்கு நாய் விளைவு வேறுபட்டதற்கும் இது விளக்கமாகலாம்.

எங்கள் அடுக்களைக்கு இதில் ஒரு செய்தி உண்டு. பழப்புளியின் புளிப்பும் டார்டாரிக் அமிலம்தான். பழப்புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை அதே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். திராட்சை வற்றல் போட்ட பொங்கலையும், கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையையும் நாயின் கோப்பையில் போடாமல் இருப்பதே நல்லது.

ஊசியும் பாலும்

மணிபிளான்ட், மொட்டையாக விட்ட சிறு துண்டிலிருந்தும் தழைக்கும் கொடி. அதன் கலங்களுக்குள் கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்குகள் ஊசிக் கட்டுகளாக அடுக்கியிருக்கும். கடித்ததும் அவை நாக்கிலும் ஈறிலும் ஏறும். நாய் எச்சில் வடித்து, வாயைக் காலால் தேய்த்து, வாந்தியும் எடுக்கலாம். பிரண்டை நறுக்கமுன் கையில் எண்ணெய் பூசிக்கொள்பவருக்கு இந்த ஊசிகளைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. மணிபிளான்ட் வேதனை தருமே தவிர உயிரை எடுப்பது அரிது.

மஞ்சள் பூக்களோடு மதிலில் சாயும் அல்லமண்டா, அலரியின் குடும்பம். ஒடித்தால் பால் வடியும். பேதியாக்குவது என்ற பொருளை அதன் தாவரவியற் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். வெட்டிய கிளைகளைக் குவித்து விட்டுவிடாமல் அன்றைக்கே அகற்றுவது நல்லது. குச்சி கடிப்பது நாயின் பிறவிக் குணம்.

ஆடு தின்கிறதே?

பிரட்ரிக் கோட்டையைச் சுற்றித் திரியும் புள்ளிமான்கள் ஊருக்குள்ளும் வந்து மேய்வதைத் திருகோணமலைக்காரர் அறிவார்கள். சீமைக்கிளுவைக் கதியாலின் குழையை ஆட்டுக்கு ஒடித்துப் போடுவதும் வழக்கம். அந்தச் சீமைக்கிளுவையின் தாவரவியற் பெயருக்கோ எலிக்கொல்லி என்று பொருள். ஒன்றுக்குத் தீவனமாவது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம்.

ஆடும் மாடும் மானும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், இலையின் பல நஞ்சுகளை இரத்தத்தில் சேருமுன் உடைத்துவிடுகின்றன. நாய்க்கு ஒற்றை இரைப்பை. அதிகம் மெல்லாமல் விழுங்கும் பழக்கமும் உண்டு. ஆடு தின்றதை வைத்து நாய்க்குக் கணக்குப் போட முடியாது.

எந்தக் கொடியை நடலாம்?

மல்லிகையும் முல்லையும் நாய்க்கு நஞ்சில்லாதவை. நாய் இருக்கும் வீட்டுப் பந்தலுக்கு அவற்றைவிட நல்ல தேர்வு இல்லை. பீர்க்கு, புடல், பயற்றங்கொடி ஆகியவற்றாலும் பெரிய பயமில்லை. காகிதப்பூவில் கவனிக்க வேண்டியது முள். சங்குப்பூவின் விதை பேதியைத் தரலாம் என்பதால் முற்றிய காய்களைப் பறித்துவிடலாம்.

நாற்று வாங்கும்போது பெயரை மட்டும் நம்பக்கூடாது. ரங்கூன் மல்லி என்பது மல்லிகை இனமே அல்ல. அமெரிக்காவில் மஞ்சள் மல்லிகை போன்ற பெயரோடு வளரும் ஒரு கொடி கடும் நஞ்சுள்ளது.

தின்றுவிட்டால்

வாயில் மிஞ்சியதை எடுத்து, சுத்தமான தண்ணீரால் வாயைக் கழுவிவிடுங்கள். உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயின் உயிருக்கு ஆபத்தாகலாம். தின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, கொடியின் இலையையோ விதையையோ கிழங்கையோ ஒரு பையில் போட்டு, நாயுடன் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஏப்ரினுக்கும் கொல்சிசினுக்கும் வைத்தியர் உடனே எடுத்து ஏற்றக்கூடிய மாற்று மருந்து இல்லை. குடல் உறிஞ்சுமுன் அகற்றுவதும், சேலைன் ஏற்றி உடலைத் தாங்குவதுமே வைத்தியம். அறிகுறி வரட்டும் என்று காத்திருந்தால் அந்த முதல் மணித்தியாலங்கள் கைநழுவிப் போகும்.

அதைவிட எளிய காரியம் ஒன்று உண்டு. வரும் கார்த்திகையில், பூ எரிவதுபோலத் தெரியும் நாட்களிலேயே, உங்கள் வேலியோரம் நடந்து ஒவ்வொரு கார்த்திகைக்கொடியின் அடியிலும் ஒரு கம்பை நட்டுவிடுங்கள். குண்டுமணி முளைத்த இடத்திலும் ஒன்று. கையுறை போட்டுக் கிழங்கைத் தோண்டி நாய் போகாத மூலைக்கு மாற்றுவதோ, அந்த இடத்தைக் கம்பிவலையால் மூடுவதோ பிறகு உங்கள் வசதி. ஆடியில் கொடி மறைந்து, நாய் நிழல் தேடி வந்து மண்ணைக் கிளறும்போது, கிழங்கு எங்கே உறங்குகிறது என்று அந்தக் கம்பு சொல்லும்.