மழை நாளில் கேரியர் வரலைன்னா?

இந்த எபிசோட் ஒரு சொந்தக் கதையில தொடங்குது.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் சென்னையை மழையில மூழ்கடிச்ச நாள். நான் பெங்களூர்ல. எங்க அம்மாவோட சித்தி, எனக்குச் சின்னப் பாட்டி, மடிப்பாக்கத்துல மூணாவது மாடியில தனியா இருக்காங்க. 78 வயசு, சர்க்கரை உண்டு. மதியச் சாப்பாடு தினமும் கேரியர்ல வரும். ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு அக்கா வீட்டுலயே சமைச்சு, சுமார் 40 பேருக்கு அனுப்புறாங்க. பாதிக்கு மேல, பிள்ளைங்க வெளியூர்லயோ வெளிநாட்டுலயோ இருக்கிற வயசானவங்க.

அன்னிக்கு கேரியர் வரலை. மறுநாளும் வரலை. தெருவுல இடுப்பளவு தண்ணி, கரண்டு இல்லை, மோட்டார் ஓடாததால குழாய்லயும் தண்ணி இல்லை. பாட்டி போன் சுவிட்ச் ஆஃப். நான் இங்க உக்காந்து முப்பது தடவை கூப்பிட்டிருப்பேன்.

புதன்கிழமைதான் விஷயம் தெரிஞ்சது. பாட்டி வழக்கம்போல காலையில சர்க்கரை மாத்திரையைப் போட்டுட்டு, ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டு இருந்திருக்காங்க. சாயங்காலம் வேர்த்து, கை நடுங்கி, கதவுகிட்டயே உக்காந்துட்டாங்க. கீழ்வீட்டுப் பொண்ணு மெழுகுவத்தி கேட்டு மேல வந்ததால தப்பிச்சது. சர்க்கரைத் தண்ணி கரைச்சுக் கொடுத்தாளாம். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுட்டுச் சரியா சாப்பிடாம இருந்தா, ரத்தத்துல சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அதாவது, ஒருவேளை சாப்பாடு வராதது அவங்களுக்கு வெறும் பசி இல்லை.

அந்த அக்கா மேல எனக்குக் கோபமே வரலை. அவங்க சமையலறைக்குள்ளயும் தண்ணி. ஆனா ஒண்ணு உறுத்திச்சு. யார், எந்த வீடு, எந்த மாடிங்கிற லிஸ்ட் முழுக்க அவங்க போன்ல, வாட்ஸ்அப்ல இருந்தது. சார்ஜ் தீர்ந்ததும் 40 பேரும் காணாமப் போயிட்டாங்க. நம்ம ஆபீஸ்ல சர்வருக்குப் பேக்கப் இல்லைன்னா எவ்வளவு கத்துவோம்?

அப்புறம்தான், வேற ஊர்ல இதை எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். வயசானவங்களுக்கு வீடு தேடிப் போய்ச் சாப்பாடு கொடுக்கிற ‘மீல்ஸ் ஆன் வீல்ஸ்’ முறை வளர்ந்ததே ஒரு பேரிடர்லதான். இரண்டாம் உலகப் போரின்போது, குண்டுவீச்சில் வீடும் அடுப்பும் இழந்தவர்களுக்கு பிரிட்டனில் பெண் தன்னார்வலர்கள் உணவு கொண்டுபோனார்கள். 1954-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கி, பிறகு அந்த நாடு முழுக்கப் பரவியது. அங்கே பனிப்புயல், சூறாவளி எல்லாம் வருஷா வருஷம் வர்ற விருந்தாளி. அதனால் பல இடங்களில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: புயல் அன்று வண்டி போகாது. போக முயற்சி பண்றதும் தப்பு, ஓட்டுகிற தன்னார்வலரே பல இடங்களில் வயதானவர்தான். பள்ளிக்கு விடுமுறை விட்டால் சாப்பாடும் வராது என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

அப்போ அவங்க என்ன சாப்பிடுவாங்க? குளிர்காலம் தொடங்கும் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். ‘பிளிசார்ட் பாக்ஸ்’ என்பார்கள், பனிப்புயல் பெட்டி. ஃபிரிட்ஜ் வேண்டாம், அடுப்பு வேண்டாம், சில வேளைக்கான உணவு உள்ளே. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம்: கையாலேயே இழுத்துத் திறக்கிற மூடி உள்ள டின்களாகப் பார்த்து வைப்பது. மூட்டுவலிக் கையால டின் ஓப்பனரைத் திருப்ப முடியாதே!

இன்னொண்ணு, யாரை முதல்ல கூப்பிடணும்ங்கிற வரிசை. தனியா இருக்கிறவங்க, படுக்கையில இருக்கிறவங்க, இன்சுலின் போடுறவங்க, ஆக்ஸிஜன் மெஷின் வெச்சிருக்கிறவங்க முதல்ல. அந்த லிஸ்ட் காகிதத்திலும் இருக்கும். அவசரத்துக்கு ரெண்டு பேர் நம்பர் வாங்குவாங்க. அதில் ஒருத்தர் வேற ஊர்க்காரரா இருந்தா நல்லது. வெள்ளத்தில் ஒரே ஊர்ல இருக்கிற எல்லார் போனும் ஒண்ணா செத்துப்போகும்.

இதையெல்லாம் ஒரு அழகான ஸ்ப்ரெட்ஷீட்டாப் போட்டு அந்த அக்காகிட்ட காட்டினேன். “தம்பி, கரண்டு இல்லன்னா இதை எதுல பாக்குறது?” அவ்வளவுதான். நான் சொல்ல வந்ததையே எனக்குத் திருப்பிச் சொல்லிட்டாங்க. இப்போ அது பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி, ஒண்ணு அவங்க வீட்டுல, ஒண்ணு கேரியர் கொண்டுபோற அண்ணன்கிட்ட, ஒண்ணு உயரமான தெருவுல இருக்கிற அவங்க அக்கா வீட்டுல.

பெட்டியை அப்படியே காப்பி அடிக்க முடியாது. டின் சூப்பை நம்ம பாட்டி தொடவே மாட்டாங்க. அவங்களோட உக்காந்து ஒரு மாலை பேசி முடிவு பண்ணினோம்: அவல், பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர், பேரீச்சம்பழம், குளுக்கோஸ், ரெண்டு பெரிய தண்ணி கேன். அவல் பச்சைத் தண்ணியிலேயே ஊறிடும், பல்லுக்கும் கஷ்டமில்லை. சத்துமாவு வேண்டாம்னு விட்டோம், கஞ்சி காய்ச்ச அடுப்பு வேணும். எல்லாத்தையும் திருகுமூடி டப்பாவுல மாத்தியாச்சு, ஒட்டின பாக்கெட்டைக் கிழிக்க அவங்களுக்கு முடியலை. சாப்பாடு குறைஞ்சா எந்த மாத்திரையைக் குறைக்கணும், எதை நிறுத்தக்கூடாதுன்னு டாக்டர்கிட்டயே எழுதி வாங்கி மூடிக்குள்ள ஒட்டியிருக்கோம். இதை நாமே முடிவு பண்ணாதீங்க, ப்ளீஸ்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல தொடங்கும்கிறதால செப்டம்பர்லயே பெட்டியை நிரப்பிடுறோம். மற்ற வீடுகளுக்கு, பிள்ளைங்ககிட்ட அக்காவே போன் பண்ணிக் காசு கேட்டாங்க. பெரும்பாலானவங்க உடனே அனுப்பிட்டாங்க. நாலஞ்சு பேர் “பார்க்கலாம்”னாங்க, அவங்க வீட்டுக்கும் அக்கா எப்படியோ வெச்சுட்டாங்க.

தீபாவளிக்குப் போனப்போ பெட்டியைத் திறந்து பார்த்தேன். பேரீச்சம்பழத்தைக் காணோம்.

“மழை வரலையேடா, கெட்டுப்போயிடும்னு தின்னுட்டேன்.”

புது டப்பா வாங்கி வெச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன்.