ஒரு பெயரின் எடை எத்தனை பைட்?

கோலார் தங்க வயல் என்னும் பெயரை ஓர் இணையப் பக்கத்தின் முகவரியில் ஆங்கிலத்தில் எழுதினால், சொற்களை இணைக்கும் அடிக்கோடுகளையும் சேர்த்து 17 குறிகளில் அது முடிந்துவிடுகிறது. அதையே தமிழில் எழுதினால், உலாவியின் மேல்பட்டையில் தமிழாகவே தெரிந்தாலும், சர்வரை நோக்கிப் புறப்படும்போது 128 குறிகளாக நீண்டுவிடுகிறது. இணைய முகவரி ஆங்கில எழுத்து, எண், சில நிறுத்தக்குறிகள் ஆகியவற்றுக்குள் அடங்க வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. ஆகவே யூனிகோடின் ‘க’ என்ற ஒரே எழுத்து மூன்று பைட்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதப்பட்டு, ஒன்பது இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. ‘கோ’ என்பதிலோ ககரமும் ஓகாரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அதற்குப் பதினெட்டு இடங்கள் வேண்டும். கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் இதே கணக்குதான் என்பதால், இம்மூன்றும் புழங்கும், கே.ஜி.எஃப். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தக் கோலார் தங்க வயலில் எந்த மொழியைத் தேர்ந்தாலும் சுமை ஒன்றே.

இந்தச் சுமை யாருக்கு என்பதை அறிய, உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையைச் சற்றே பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கேட்கும் உலாவி முதல் வரியில் அதன் முகவரியை எழுதி, அதன்கீழ் வரிவரியாகச் சில விவரங்களை இணைத்து அனுப்புகிறது: பயனர் விரும்பும் மொழி எது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், சர்வர் முன்பு கொடுத்துவைத்த அடையாளச் சீட்டு என்ன என்பன போன்றவை. இவ்விவர வரிகளே ஹெடர் எனப்படுகின்றன. அந்த அடையாளச் சீட்டுக்குக் குக்கி என்று பெயர். கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் உறையைப் படிப்பதுபோல, கேட்பவர் யார், கேட்பது என்ன என்று தெரிவதற்கு முன்பே சர்வர் இவற்றைத் தன் நினைவகத்தில் வாங்கி வைத்தாக வேண்டும். உறை முடிவில்லாமல் நீண்டால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

வலைப் போக்குவரத்தின் விதிநூலான எச்.டி.டி.பி. இதற்கு மேல்வரம்பு எதையும் விதிக்கவில்லை. முதல் வரிக்குக் குறைந்தது 8,000 பைட்டாவது இடம் தருவது நல்லது என்று பரிந்துரைப்பதோடு நின்றுகொள்கிறது. வரம்பை அந்தந்த சர்வர் மென்பொருளே வைத்துக்கொண்டிருக்கிறது. அப்பாச்சியில், யாரும் மாற்றாதவரை, ஒரு ஹெடர் வரி 8,190 பைட்டுக்குள்ளும் மொத்த வரிகள் நூறுக்குள்ளும் இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ், பெரிய ஹெடர்களுக்கென எட்டு கிலோபைட் அளவில் நான்கு இடங்கள்வரை ஒதுக்கும். டாம்கேட்டிலோ முதல் வரியும் எல்லா ஹெடர்களும் சேர்ந்தே 8,192 பைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் நுழையும் தளத்தில் ஆளுக்கு 32 கிலோபைட் ஒதுக்கினால், ஒரு பக்கத்தைக்கூடக் கொடுப்பதற்கு முன்பே 320 மெகாபைட்டுக்கும் மேல் போய்விடும் என்று பெருக்கிப் பார்த்தால் இந்தச் சிக்கனத்தின் காரணம் விளங்கும்.

உலாவிகளோ இதற்கு நேர்மாறாகத் தாராளமானவை. குக்கிகள் குறித்து 2011இல் வெளியான நெறிமுறை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4,096 பைட், ஒரு தளத்துக்குக் குறைந்தது ஐம்பது குக்கிகள் என்று உலாவிகளிடம் எதிர்பார்க்கிறது; அதாவது ஏறத்தாழ இருநூறு கிலோபைட்டை ஒரு தளத்தின் பெயரால் சுமந்து செல்ல உலாவி தயாராக இருக்கிறது, ஆனால் டாம்கேட்டின் வாசலை அடைப்பதற்கு முழு அளவுள்ள இரண்டு குக்கிகளே போதும். ரயில் தேடும் தளம் ஒன்று, பயனர் கடைசியாகத் தேடிய நிலையப் பெயர்களை விழுக்காட்டுக் குறி முறையில் மாற்றிக் குக்கியில் சேர்த்துவைப்பதாகக் கொண்டால், மாரிகுப்பம் என்ற பெயர் அதில் 99 இடங்களைப் பிடிக்கும்; ஆங்கிலத்தில் அதற்குப் பத்தே இடங்கள். ஒரு குக்கிக்குள் ஆங்கிலப் பெயர் 409 முறை அடங்குமானால் தமிழ்ப் பெயர் 41 முறைதான் அடங்கும். ஆங்கில எழுத்துகளை மட்டுமே கொண்டு சோதிக்கப்பட்ட தளம் தமிழ்ப் பயனரிடம் முதலில் இடறி விழுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சோதனை என்பது இந்த வரம்பை முன்கூட்டியே தேடிச் சென்று தொட்டுப் பார்ப்பது. ஆழ்சுரங்கங்களில் ஆட்கள் ஏறி இறங்கும் கூண்டைத் தாங்கும் எஃகுக் கயிற்றின் நுனியைக் குறித்த காலத்துக்கொரு முறை வெட்டியெடுத்து, அது அறுந்துபோகும்வரை இழுத்துப் பார்ப்பது வழக்கம்; மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் இருந்த கே.ஜி.எஃப்.பில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் சோதனையில் ஒரு வேறுபாடு உண்டு: கயிறு எந்தப் பாரத்தில் அறுகிறது என்பது அங்கே கேள்வி, சர்வரோ அறுந்துபோகவே கூடாது, பாரம் மிகுந்தால் ஏற்ற மறுக்க வேண்டும்.

சோதிப்பவர்கள் தமக்குச் சொந்தமான, அல்லது சோதிக்க அனுமதி பெற்ற சர்வரில், கர்ல் போன்ற எளிய கருவியைக் கொண்டு, ஒரு கிலோபைட் ஹெடரில் தொடங்கி இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போவார்கள். மறுப்பு வந்ததும், கடைசியாக ஏற்ற அளவுக்கும் முதலில் மறுத்த அளவுக்கும் நடுவே பாதி பாதியாகக் குறைத்து, சரியாக எந்த பைட்டில் கதவு மூடுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். நீண்ட ஒரே வரியை ஏற்காத சர்வர் அதே அளவைப் பல குட்டி வரிகளாகப் பிரித்தால் ஏற்கக்கூடும் என்பதால் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மறுக்கும்போது என்ன எண் வருகிறது என்பதும் கவனத்துக்குரியது: ஹெடர் பெரிது என்று சொல்வதற்கென்றே 431 என்ற எண் 2012இல் வகுக்கப்பட்டிருந்தும், அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் ‘கோரிக்கை பிழையானது’ என்று பொதுவாகப் பொருள்படும் 400ஐயே திருப்புகின்றன, முகவரி நீண்டால் 414 வரும். பெரிய தளங்களில் கோரிக்கை ஒரே சர்வரில் முடிவதில்லை. முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் ஏற்றுக்கொண்டதைப் பின்னால் நிற்கும் டாம்கேட் மறுக்கலாம் என்பதால், தனித்தனியாகத் தேறியவற்றை வரிசையாக நிறுத்தியும் ஒரு முறை பார்த்தாக வேண்டும்.

வரம்பைக் குறைத்துவைப்பது எப்போதும் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பெரிய ஹெடர்களைக் கூட்டமாக அனுப்பி நினைவகத்தைத் தின்றுவிடலாம் என்பது தெரிந்ததும், சர்வர் நிரல்களை இயக்கும் நோட்.ஜே.எஸ். தன் 80 கிலோபைட் வரம்பை 2018 நவம்பரில் எட்டாகச் சுருக்கியது. அடுத்த மாதமே அந்த வரம்பை நிர்வாகிகள் தாமே மாற்றிக்கொள்ள வழி செய்தது. 2020இல் அதை இரட்டித்து 16 ஆக்கியது. அளவைக் காட்டிலும் நேரம் ஆபத்தாகும் தாக்குதலும் உண்டு: 2009இல் ராபர்ட் ஹான்சன் வெளியிட்ட ஸ்லோலோரிஸ், ஹெடரை முடிக்காமல் சொட்டுச் சொட்டாக அனுப்பி, சர்வரைக் காத்திருக்க வைத்தே முடக்கியது. எனவே நல்ல சோதனையில் கடிகாரத்துக்கும் இடமுண்டு.

சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்ட பின், வேலைக்காக அதிகாலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்வருவது கே.ஜி.எஃப். மக்கள் பலரின் அன்றாடமாகிவிட்டது. அப்படிப் போகும் ஒருவரின் கைபேசியில், குக்கிகள் பெருத்துப்போன தளம் திறக்க மறுத்தால், என்ஜின்எக்ஸ் வழக்கமாகக் காட்டுவது ஹெடரோ குக்கியோ மிகப் பெரிது என்ற ஆங்கில வரி ஒன்றுதான். அவர் எத்தனை முறை மீண்டும் திறந்தாலும் உலாவி அதே குக்கிகளையே சுமந்து சென்று அதே மறுப்பையே வாங்கிவரும். அவற்றை அழித்தாலொழிய வழியில்லை என்பதை அந்த வரி சொல்வதில்லை. பெருத்த குக்கியைக் கண்டதும் அதைக் காலாவதியாக்கும் கட்டளையை மறுப்போடு சேர்த்தே சர்வர் அனுப்ப முடியும், அந்த அறிவிப்பைத் தமிழிலோ கன்னடத்திலோ எழுதவும் முடியும்; அனுப்பப்படும் அப்பக்கத்துக்குக் கோரிக்கை ஹெடரின் வரம்பு எதுவும் பொருந்தாது.