தலைப்பு மாறினால் ஆய்வு தோற்றதாகுமா?

நல்ல தலைப்பு கிடைத்துவிட்டால் ஆய்வில் பாதி முடிந்தது என்று நினைக்கும் மாணவர்கள் பலர். ஆறாம் படிவ இடுபணியானாலும் பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வேடானாலும் இதே நினைப்புதான். ஆனால், ஆய்வு முறைகளைக் கற்கத் தொடங்கியதும் அந்தத் தலைப்பே ஆட்டம் காண்கிறது. "நான் தவறு செய்துவிட்டேனோ" என்று சோர்ந்துபோகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972-இல் தொடங்கப்பட்ட தொழிற்பேட்டையில் இரவும் பகலும் இயங்கும் ஆலைகள் உள்ளன. அங்கு வசிக்கும் மாணவி ஒருவர், "பெற்றோரின் இரவு ஷிப்டு வேலை பிள்ளைகளின் கல்வியைப் பாதிக்கிறது" என்று தலைப்பு வைப்பதாகக் கொள்வோம். கேள்விகளைத் தயாரித்துப் புலனக் குழுக்களில் அனுப்பி, வரும் பதில்களைக் கணக்கிடலாம் என்பது அவருடைய திட்டம்.

ஆய்வு முறை வகுப்பில் முதல் சிக்கல் தெரியவருகிறது. பாதிக்கிறதா என்று கேட்பதற்கு முன்பே, பாதிக்கிறது என்று தலைப்பு சொல்லிவிட்டது.

அடுத்தது மாதிரி. புலனத்தில் பதில் தருபவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள், நேரம் உள்ளவர்கள். இரவெல்லாம் வேலை செய்துவிட்டுப் பகலில் தூங்கும் தாயின் குரல் அதில் இருக்குமா?

மூன்றாவது, ஒப்பீடு. பகலில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளையும் பார்க்காமல் ஷிப்டுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? குடும்ப வருமானம், டியூஷன், வீட்டில் தாத்தா பாட்டி இருப்பது எல்லாமே மதிப்பெண்ணை மாற்றக்கூடியவை.

இப்போது அவருடைய கேள்வி சுருங்குகிறது: "இரவு ஷிப்டுக்குப் பெற்றோர் செல்லும் வீடுகளில், பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு யார், எப்போது உதவுகிறார்கள்?" ஐந்தாறு குடும்பங்களிடம் அனுமதி பெற்று நேர்காணல் செய்யலாம். ஒரு வாரத்துக்கு நேரக் குறிப்பு எழுதித் தரச் சொல்லலாம். மலேசியா முழுமைக்கும் பொருந்தும் முடிவு இதில் கிடைக்காது. ஆனால், கிடைப்பது நம்பத்தக்கதாக இருக்கும்.

பெரிய விஞ்ஞானிகளின் திட்டங்களும் மாறியிருக்கின்றன. 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 1976-இல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் உயிரியலில் ஈடுபாடு கொண்டு, பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். பின்னர், உயிரணுவுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமை நியூட்ரான் சிதறல் முறையில் ஆராய்ந்தார். ரைபோசோமின் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்பதை அந்த முறை காட்டியது. அணு அளவில் அதன் அமைப்பைக் காட்ட அதனால் முடியவில்லை.

அவர் தம் கேள்வியைக் கைவிடவில்லை. 1991-இல் கேம்பிரிட்ஜ் சென்று, ஏறக்குறைய நாற்பது வயதில், எக்ஸ்ரே படிகவியலைக் கற்றுக்கொண்டார். 2000-இல் ரைபோசோமின் சிறிய பகுதியின் அணு அமைப்பை அவருடைய குழு வெளியிட்டது. 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசை மேலும் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

கையிலுள்ள முறை கேள்விக்குப் போதாதபோது, நமக்கு இரண்டு நேர்மையான வழிகள் உள்ளன. அந்த மாணவியைப் போல் கேள்வியைச் சுருக்கலாம். ராமகிருஷ்ணனைப் போல் புதிய முறையைக் கற்கலாம். முதல் தலைப்பைக் காப்பாற்றுவதற்காகத் தரவுகளை வளைப்பது மட்டும் கூடாது.

எனவே மாணவர்களே, தலைப்பை உறுதி செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதற்கு விடை தரக்கூடியவர் யார்? அவரை என்னால் சென்றடைய முடியுமா? என் எண்ணம் தவறு என்றால், அதை இந்த முறை எனக்குக் காட்டுமா? மூன்றாவது கேள்விக்கு "காட்டாது" என்பது பதிலானால், திட்டத்தை மாற்றுங்கள்.

ஒவ்வொரு மாற்றத்தையும் காரணத்தையும் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். "ஏன் தலைப்பை மாற்றினீர்கள்?" என்று விரிவுரையாளர் கேட்கும்போது, தலைகுனியாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டலாம்.