பழுது பார்ப்போரின் கதைகள்

உத்தியோகத்தில் புதிதாகச் சேர்ந்தவரைச் சில வாரங்கள் வகுப்பறையில் உட்கார்த்தி வைத்து, சகல விஷயங்களையும் போதித்து அனுப்பிவிட்டால், பின்பு ஆயுள் முழுவதும் அவர் திறமையுடன் காரியம் பார்ப்பார் என்னும் நம்பிக்கை நிர்வாகிகளிடையே வெகுகாலமாக இருந்து வருகிறது. பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை எத்தனை விரைவில் ஞாபகத்தை விட்டு நழுவுகின்றன என்று சோதித்த ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், 1885-லேயே அதை நூலாக வெளியிட்டும் அந்த நம்பிக்கை குன்றவில்லை. வேலை நடக்கும் இடத்திலேயே, வேண்டிய சமயத்தில், வேண்டிய விவரத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுக்கட்டும் என்று அமெரிக்காவில் குளோரியா கெரி என்னும் அம்மையார் 1991-ல் ஒரு புத்தகம் எழுதினார். யோசனை உத்தமமானதுதான்; அந்தக் கம்ப்யூட்டரில் யாருடைய அறிவை நிரப்புவது என்பதில்தான் சங்கடம்.

நகல் யந்திரங்களைப் பழுது பார்க்கும் ஜெராக்ஸ் கம்பெனி ஊழியர்களுடன், அக்கம்பெனியின் கலிபோர்னிய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜூலியன் ஆர் கூடவே சென்று கவனித்தார். கம்பெனி அச்சிட்டுக் கொடுத்த கையேட்டுக்குப் பிடிபடாத கோளாறுகளை எல்லாம், சாப்பிடும் வேளையில் தங்களுக்குள் பேசிக்கொண்ட பழைய அனுபவக் கதைகளைத் துணைக்கொண்டே அவர்கள் தீர்த்து வந்தார்கள் என்பது அவர் கண்ட உண்மை. இதை ‘வீண் பேச்சு’ என்று தடுக்கக்கூடிய மேலதிகாரிகளை நாம் அறிவோம்.

அதே நிலையத்து விஞ்ஞானிகள், யந்திரத்தின் அமைப்பைக் கொண்டே கோளாற்றை ஊகித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் சாதனம் ஒன்றைச் சிரத்தையுடன் இயற்றிக் காட்டியபோது, கையேட்டில் இல்லாத புதிய தொல்லைகளுக்குத்தான் தங்களுக்கு உதவி வேண்டும் என்று ஊழியர்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். பிறகே, அவர்கள் கண்டுபிடித்த உபாயங்களை அவர்களையே எழுதச் செய்து, அனுபவஸ்தர்கள் பரிசோதித்த பின் எல்லோருக்கும் வழங்கும் ‘யுரேகா’ என்னும் ஏற்பாடு உருவாயிற்று. முதலில் அது பிரான்ஸில், அந்நாட்டு மினிடெல் தொலைபேசி வலையின் வழியே நடந்தது.

பயிற்சி வகுப்பு இதனால் அநாவசியமாகிவிடவில்லை. எந்த உறுப்பு எதற்காகச் சுழல்கிறது என்று அறியாதவர், பிறர் எழுதிய நாலு வரி உபாயத்தைத் தம் முன்னுள்ள யந்திரத்துக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. அடிப்படையை ஆசிரியரும், அதற்குமேல் உள்ளதைச் சகாக்களும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

எழுதித் தருவோருக்குப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது ஊழியர்கள் கேட்டதோ வேறு: ஒவ்வோர் உபாயத்தின் கீழும் எழுதியவர் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். அப்படியே பெயர் போடப்பட்டது.