பழைய படமும் புதிய வதந்தியும்

வேற்று மாநிலத்தில் குடியிருக்கும் நம்மவர்க்கு, 'உங்கள் பக்கத்தில் கலவரமாமே!' என்னும் ஒரு சொல் போதும், அன்றிரவு உறக்கமில்லை. அவ்வச்சத்தையே 2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் தாயகத்தில் உழைக்கும் பீகார் மக்கள் நுகர நேர்ந்தது. தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கிக் கொல்லப்படுவதாகச் சில காணொளிகள் பரவின. பீகார் அரசு நேரில் கண்டறிய அதிகாரிகளை அனுப்பிற்று.

பொய் எவ்வாறு வெளிப்பட்டது? ஆராய்வோர் காணொளியை அசையாப் படங்களாகப் பிரித்தனர். ஒவ்வொன்றையும் தேடுபொறியில் இட்டு, அதே காட்சி முன்னர் எங்கே, எந்நாளில் வெளிவந்தது என்று துருவினர். கடைப் பலகையின் எழுத்தும், வண்டியின் எண்ணும், பின்னணியிற் கேட்கும் மொழியும் சான்று கூறின. ஒன்று இராசத்தானத்து ஜோத்பூரில் நடந்த கொலை! மற்றொன்று ஐதராபாத்தில் நிகழ்ந்தது. வேறொன்று கோவைவாசிகள் தமக்குள் மோதிக்கொண்டது எனக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவித்தார். நிகழ்ச்சிகள் மெய், அவற்றுக்குச் சூட்டிய பெயரே பொய். வெறும் கற்பனையினும் இது கொடிது என்போம். கண்ணாற் கண்டதை யார் மறுப்பார்?

இம்முறைக்கும் ஓர் எல்லையுண்டு. பொதுத்தளத்தில் இட்டதை எவரும் ஆராயலாம். வாட்சப் செய்தியோ முத்திரையிட்ட கடிதம் போன்றது. பெற்றவர் எடுத்துக் கொடுத்தாலன்றி ஆராய்வோர் கைக்கு எட்டாது. நம் குடும்பக் குழுக்களும் அத்தகைய பூட்டிய வீடுகளே.