உறங்கவைப்பதா, விழித்திருக்க விடுவதா?

கணிப்பொறியோடு யூஎஸ்பி வழியே இணையும் கருவிகள் வேலையற்றிருக்கும்போதும் மின்சாரத்தை உண்கின்றன. லினக்ஸ் இயக்குதளத்தின் கருப்பகுதி, 2 நொடிகள் சும்மாயிருக்கும் கருவியை உறங்கவைக்க வல்லது. எனினும், நாம் ஏதும் பணிக்காதவிடத்துப் பெரும்பாலும் 'ஹப்' எனும் கிளைப்பெட்டிகளையே அவ்வாறு உறங்கவைக்கிறது. ஏனெனில், உறங்கத் தெரிந்தும் ஒழுங்காக எழத் தெரியாத கருவிகள் பல. உறங்கியெழுந்த அச்சுப்பொறி பதிலிறுக்காது போனால், நாம் பழிப்பது அதனையன்று, இயக்குதளத்தையே!

இக்கருவிகளை ஆளும் கண்ட்ரோலரின் நிலை இன்னும் நுட்பமானது. தன்கீழுள்ளவை யாவும் உறங்கிய பின்னரே அது உறங்கலாம். அது எழாவிடில், அதனோடு இணைந்த விசைப்பலகை முதல் அனைத்தும் ஊமையாகிவிடும். ஆகவே, நம்பத்தக்கவை என அறியப்பட்ட கண்ட்ரோலர் வகைகளுக்கே கருப்பகுதி தானாக அவ்வனுமதியை வழங்குகிறது. மடிக்கணினியின் மின்கலம் நீடிக்க விழைவோர், உரிய கருவியின் 'கண்ட்ரோல்' கோப்பில் 'ஆட்டோ' என எழுதி உறக்கத்திற்கு இசையலாம். 'ஆன்' என எழுதினால் அது விழித்தேயிருக்கும்.